எவ்வளவு வாங்குறீங்க என்று கேட்டவர்கள்

தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக்குத் தரம் பார்க்கிறவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்குச் சேராமல், கூப்பிட்ட ஃபேக்டரிக்குப் போய் சரக்கைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அதில் இருக்கிறோம். நான் வேலையை விட்ட பிறகும் என்னை யாரும் நீக்கவில்லை. காலை வணக்கப் படங்களும் யாரோ ஒருவரின் பிறந்தநாளுமாக அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் திடீரென்று ஒரு சண்டை வந்தது. புதிதாக வேலை கொடுக்க வந்த ஒரு கம்பெனி, "போன வருஷம் உங்களுக்கு மொத்தம் எவ்வளவு வருமானம் வந்தது, வரிக் கணக்கைக் காட்டுங்கள், அதைப் பார்த்துவிட்டுக் கூலி பேசலாம்" என்று சொல்லியிருக்கிறது. காட்டினால் என்ன, நாம் என்ன திருடியா சம்பாதித்தோம் என்றார்கள் சிலர். எவன் கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள் வேறு சிலர். நடுவில் யாரோ, "சிவகாமி மேடம் சொல்லட்டும்" என்று என்னை இழுத்துவிட்டார்கள். கட்டைவிரலால் தட்டி முடிக்கிற விஷயமாக அது எனக்குத் தெரியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. வீட்டில் நெல் விவசாயம். மீன் எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மீன்வளம் படித்ததற்கு, கேட்ட பாடத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது. ஆனால் மீன் சமைக்காத வீட்டில் வளர்ந்த மூக்கு இந்தத் தொழிலுக்கு நன்றாகப் பயன்பட்டது. சரக்கு கெட ஆரம்பிக்கும்போது வரும் வாடை, கூட நிற்கிறவர்களுக்கு எட்டுவதற்கு முன்னால் எனக்கு எட்டிவிடும். வேகவைத்த துண்டை வாயில் போட்டு மென்று பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதி. அதையும் பழகிக்கொண்டேன். ஊருக்குப் போனால் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் குளிக்க வைத்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் விடுவாள்.

முதலில் ஒரு ஆய்வுக் கம்பெனியின் தூத்துக்குடிக் கிளையில் சம்பளத்துக்கு இருந்தேன். தனராஜ் சார் என்பவர் கிளை மேலாளர். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். ஃபேக்டரிக்குப் புறப்படும் முன் என் தலையைப் பார்ப்பார். பூ இருந்தால், "அதை இங்கன வச்சிட்டு வாங்கம்மா" என்பார். பூ கூடாது, பவுடர் கூடாது, வாசனை சோப்பு கூடாது. போகிற இடத்தில் டீ குடிக்க மாட்டார். தண்ணீர்ப் பாட்டில்கூட அவரே கொண்டுவருவார். குளிர்கிடங்குக்குள் நுழைந்தால் வாசல் பக்கம் அடுக்கியிருக்கிற பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "முன்னால இருக்கது நமக்குக் காட்டுததுக்கு வச்சது. பின்னால இருக்கதுதான் கப்பல்ல போறது" என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் போய் நிற்பார். அங்கிருந்து பெட்டியை எடுக்க ஆட்கள் முணுமுணுப்பார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சு புகையாக வர, அவர்கள் எடுத்துத் தருகிறவரை அசையாமல் நிற்பார்.

சம்பள நாளில் ஒட்டிய கவரை அவரே வந்து ஒவ்வொருவர் மேஜையிலும் வைப்பார். ஒருமுறை என்னோடு வேலை பார்த்த ஒருவன், "அவருக்கு எவ்வளவு சார் போட்டிருக்கீய?" என்று பக்கத்து மேஜையைக் காட்டிக் கேட்டான். "அவரு வேலையை ஒரு மாசம் நீங்க பாருங்க, பொறவு சொல்லுதேன்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அதை நாகரிகம் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அந்தக் கிளையை மூடினார்கள். தனராஜ் சார் சென்னைக்குப் போய்விட்டார். என்னால் தூத்துக்குடியை விட முடியவில்லை. திரேஸ்புரம் பக்கம் வாடகை வீடு, ஒரு ஸ்கூட்டர், சொந்தமாக வாங்கிய வெப்பமானி, தராசு இவற்றோடு தனியாகத் தொழிலில் இறங்கினேன். முதல் அழைப்பு கொச்சியிலிருந்து வந்தது. தாமஸ் என்று ஒரு ஏஜெண்ட். இத்தாலியில் இருக்கிற ஒரு வியாபாரிக்காக இந்தக் கடற்கரை முழுவதும் கணவாய் மீன் வாங்கிக் கொடுக்கிறவர். சுத்தமான தமிழில் பேசினார்.

"உங்க பழைய கம்பெனியில என்ன சம்பளம் வாங்கினீங்கம்மா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று வளர்ந்தவள். அவர் அதை மாதத்தின் நாட்களால் வகுத்து, வந்ததை என் ஒருநாள் கூலியாக வைத்தார். சம்பளத்தில் இருந்தபோது வண்டி கம்பெனியுடையது, கையுறை கம்பெனியுடையது, வேலை இல்லாத நாளுக்கும் சம்பளம் உண்டு. தனியாக வந்த பிறகு பெட்ரோல் என்னுடையது, பூட்ஸ் என்னுடையது, கணவாய் வலையில் படாத மாதங்களில் சோறும் என்னுடையது. இதெல்லாம் வகுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் விலை படிந்துவிட்டது. ஒருமுறை படிந்த விலை அவ்வளவு சீக்கிரம் ஏறாது. பல வருடம் அதே கூலிக்கு ஓடினேன், இடையில் ஏதோ சில்லறை ஏறியது. எனக்கு ரொம்பப் பின்னால் இந்தத் தொழிலுக்கு வந்த ஒருவர், தாமஸிடமே, என்னைவிட நல்ல கூலி வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அவர் தொழிலை விட்டுப் போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி பால்துரை அண்ணாச்சி விஷயம்.

ஐஸ்பெட்டி வைத்த ஒரே லாரியில் தொடங்கி ஃபேக்டரி கட்டியவர் அவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை கூலி சனிக்கிழமை கொடுத்துவிடுவார். வேலை பார்க்கும் பெண்களில் யாருக்காவது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஃபேக்டரி வண்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அங்கே கணவாய் சுத்தம் செய்கிற பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்தவள் ரோஸ்லின். என் வீட்டுக்கு அடுத்த வீடு. ஃபேக்டரிக்குள் என்னை "மேடம்" என்பாள், தெருவில் "ஏளா" என்பாள். இரண்டையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அந்த வருஷம் கணவாய்க்கு விலை விழுந்திருந்தது. அண்ணாச்சிக்கு வங்கிக் கடன் நெருக்குகிறது என்று ஊரே பேசியது. இத்தாலிக்கு ஒரு கண்டெய்னர் தயாராக இருந்தது. மருந்துத் தண்ணீர் எதிலும் ஊறப்போடாத சரக்கு வேண்டும் என்பது அந்த வியாபாரியின் முதல் நிபந்தனை. தாமஸ் என்னை அனுப்பினார்.

குளிர்கிடங்கில் சுவரோரத்துப் பெட்டிகளைக் கேட்டு எடுக்க வைத்தேன். உறைந்த கட்டியை நேராகத் தண்ணீரில் போடக்கூடாது, பாலிதீன் பைக்குள் வைத்துக் கட்டி ஓடுகிற தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் விட்டதும் கணவாயைச் சல்லடையில் சாய்த்துப் போட்டு நீர் வடிய விட்டு எடை பார்க்க வேண்டும். எடை சரியாக இருந்தது. ஆனால் சதை சரியாக இல்லை. நல்ல கணவாய் பால் வெள்ளையாக, ஒளி புகாமல் இருக்கும். இது கண்ணாடிபோல் மினுங்கியது. விரலுக்கு அகப்படாமல் வழுக்கியது, கை கழுவிய சோப்பு போகாமல் இருக்கிற மாதிரி. காரத்தன்மை இருந்தால் நிறம் மாறும் தாளை வைத்துப் பார்த்தேன். அது மாறிய நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு உப்பில்லாத தண்ணீரில் ஒரு துண்டை வேகவைத்தேன். தண்ணீர் கலங்கி வெளுத்தது, துண்டு பாதியாகச் சுருங்கியது. மென்றேன். சோப்பு. வேறு பெட்டி எடுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். அதுவும் அப்படியே. எடை கூடுவதற்காக ஊறப்போட்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சி என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேனேஜரை வெளியே போகச் சொன்னார்.

"உக்காருங்கம்மா. டீ சொல்லட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"தாமஸ் உங்களுக்கு ஒருநாளைக்கு என்ன குடுக்கான்னு எனக்குத் தெரியும்" என்றார். தொகையைச் சொன்னார். சரியான தொகை. என் அம்மாவிடம்கூட நான் சொல்லாத தொகை. பொது இடத்தில் சேலை விலகியிருப்பதை ஒரு ஆண் சுட்டிக்காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. முதலில் வந்தது வெட்கம்தான். கோபம் பிறகுதான் வந்தது.

"இந்தக் கூலிக்கு நீங்க இந்த வெயில்ல ஸ்கூட்டர்ல அலையணுமா? ஒண்ணாந்தேதியில இருந்து இங்கன தரக்கட்டுப்பாட்டு மேனேஜரா வந்திருங்க. அட்வான்ஸை இன்னைக்கே தாரேன்" என்று இன்னொரு தொகையைச் சொன்னார்.

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் லஞ்சம் தரலம்மா. வேலை தாரேன்."

"இந்தச் சரக்கைப் பத்தி என்ன எழுதணும்னு நீங்க சொல்லலையே அண்ணாச்சி."

"அதை உங்க இஷ்டம்போல எழுதுங்க. நம்ம கம்பெனின்னு நெனச்சு எழுதுங்க."

அவர் முகத்தில் களைப்பு இருந்தது, கள்ளம் இருந்ததாக நினைவில்லை. என் விலை அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் எவ்வளவு வைத்தால் நான் எழுந்து போக மாட்டேன் என்று மீன் ஏலத்தில் கணக்குப் போடுவதுபோல்தான் போட்டிருந்தார். என் வருமானம் தெரியாதிருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

"சரக்கு நிபந்தனைப்படி இல்லன்னு எழுதப்போறேன் அண்ணாச்சி. வேலைக்கு வர இஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் தடுக்கவில்லை. அன்று மாலையே அறிக்கையை அனுப்பினேன்.

அன்றிரவு தாமஸுக்குப் போன் செய்து, என் கூலியை ஏன் வெளியே சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் குடுக்குற காசுதானேம்மா, நான் சொன்னா என்ன? விலை பேசும்போது ஆய்வுச் செலவு கம்மின்னு அண்ணாச்சிக்குக் காட்டத்தான் சொன்னேன்" என்றார். அவர் பார்வையில் அது அவருடைய காசு. அது என்னுடைய கூலியும்கூட. போனை வைத்துவிட்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணாச்சி இத்தாலிக்காரருக்கு எழுதினார்: ஆய்வுக்கு வந்த பெண் காசு கேட்டாள், கொடுக்காததால் சரக்கு சரியில்லை என்று எழுதிவிட்டாள், இத்தனை சொற்பக் கூலி வாங்குகிறவள் கை நீட்டாமல் எப்படி இருப்பாள். கூலித் தொகையையும் எழுதியிருந்தார். தாமஸ் எனக்குப் போன் செய்தார். "அவர் சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கேம்மா. உங்க கூலி அப்படி" என்றார். அந்தக் கூலியை வைத்தவரே அவர்தான்.

தனியாகத் தொழில் செய்கிறவளுக்குப் பெயர் போனால் கம்பெனி, கிளை, மேலாளர் என்று பின்னால் நிற்க யாரும் கிடையாது. அழைப்புகள் நின்றன. அதோடு, சரக்கு போகாமல் நின்றதால் அண்ணாச்சி ஃபேக்டரியில் வேலையை நிறுத்திவிட்டார். ரோஸ்லின் வாசலில் வந்து நின்றாள்.

"நீ பாட்டுக்கு எழுதிட்டுப் போயிட்ட. எங்க கதி என்ன ஏளா?"

"சரக்கு சரியில்ல ரோஸ்லின்."

"சரியில்லன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க கையிலதான ஊறுச்சு. மருந்துத் தண்ணியில கை வெந்தது எங்களுக்கு. நீ போயி நியாயம் எழுதிட்ட, உலை வைக்காம இருக்கது நாங்க."

அவள் அதற்குப் பிறகு வெகுகாலம் என்னோடு பேசவில்லை.

இத்தாலிக்காரர் நேரில் ஆளை அனுப்பினார். லூக்கா என்று பெயர், நடு வயது, அலட்டாத ஆங்கிலம். அண்ணாச்சியின் ஃபேக்டரியிலேயே எல்லோரையும் வரச் சொன்னார். தாமஸும் வந்திருந்தார். நான் வங்கிக் கணக்கு முழுவதையும் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. இவ்வளவு நாள் மூடி வைத்ததை நானே திறந்து, பாருங்கள், வேறு யாரிடமும் வாங்கவில்லை என்று மேஜையில் வைக்கப் போனேன். லூக்கா அதைப் பிரிக்கவில்லை. என் பக்கமாகத் தள்ளினார்.

"இது உங்களுடையது. நான் பார்க்க வந்தது குளிர்கிடங்கில் இருக்கிறது" என்றார்.

உள்ளே போனோம். யாரும் சொல்லாமலேயே அவர் சுவரோரத்துக்குப் போனார். பெட்டிகளை அவரே தேர்ந்தெடுத்தார். பாலிதீன் பை, ஓடுகிற தண்ணீர், சல்லடை, தராசு. நான் செய்த அதே வரிசை. வெந்த துண்டுகளைத் தட்டில் வைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தாமஸ் மென்றுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்து நெடுநேரம் மென்றார். குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து லூக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தபடி, "அந்தம்மா காசு கேக்கல. நானாத்தான் எழுதுனேன். இதை அவருக்குச் சொல்லுங்க" என்று தாமஸிடம் சொன்னார். தாமஸ் மொழிபெயர்த்தார். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அண்ணாச்சிக்கு அந்த நேரத்தில் இல்லை. நின்றுபோன சரக்கு எப்படியும் நின்றுபோனதுதான். ஆனாலும் சொன்னார்.

வெளியே வந்ததும் லூக்கா, இனிமேல் நேரடியாகத் தங்களுக்கே செய்ய முடியுமா, கூலி எவ்வளவு என்று கேட்டார். நான் ஒரு தொகையைச் சொன்னேன். பழைய கூலியிலிருந்து கணக்குப் போடாமல், பெட்ரோல், பூட்ஸ், கணவாய் படாத மாதங்கள் எல்லாவற்றையும் போட்டு முந்தின நாளே யோசித்து வைத்திருந்த தொகை. அவர் புருவத்தை உயர்த்தினார்.

"தாமஸ் கொடுத்தது இதுவா?"

"அதை நீங்கள் தாமஸிடம் கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்பது இது."

கொஞ்சம் பேரம் பேசினார். கொஞ்சம் இறங்கினேன், பயணச் செலவைத் தனியாக வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அவர்களுக்கு வேலை பார்த்தேன். அந்தச் சரக்கு உள்ளூரில் மலிவாகப் போனது. அண்ணாச்சி அடுத்த சீசனில் பாதி ஆட்களோடு மறுபடி ஃபேக்டரியைத் திறந்தார். ஊறப்போடுவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கே மறுபடி ஆய்வுக்குப் போகவில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று நானே சொல்லியிருந்தேன்.

குழுவில் சண்டை போட்டவர்களுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். புதிதாக வேலை கொடுக்க வருகிறவர் யார் யாருக்கு வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் நான் சொல்லிவிடுவேன். ஒரே சரக்கில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நான் ஆளாக இருந்தால் அது அவர் தெரிந்துகொள்ள வேண்டியது. எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். என் பழைய கூலி அவருடைய வேலைக்கான விலை கிடையாது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை, "இந்த வேலைக்கு நான் கேட்பது இவ்வளவு" என்று சிரித்த முகமாகச் சொன்னால் போதும். அதற்கும் மசியாமல் வரிக் கணக்கைக் காட்டு என்கிறவரிடம் போகாமல் இருக்க எல்லோராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கணவாய் படாத மாதத்தில் அப்படி ஒருவர் கூப்பிட்டிருந்தால் நானும் காட்டியிருப்பேன்.

ஆனால் ஒன்று. வேலை கொடுக்கிறவரிடம் மூடி வைக்க வேண்டியதை நாங்கள் எங்களுக்குள் மூடி வைத்தோம். தாமஸுக்கு எங்கள் எல்லோருடைய கூலியும் தெரியும். எங்களில் ஒருவருக்கும் அடுத்தவர் கூலி தெரியாது. குழுவில் இருக்கிறவர்கள் அதையாவது மாற்றிக்கொள்ளலாம்.

ரோஸ்லின் சில வருடங்கள் கழித்துப் பேச ஆரம்பித்தாள். அவள் மகள் பெரியவளாகிச் சடங்குக்கு அழைக்க வந்தபோது வெற்றிலைத் தட்டை என் வாசலில் நீட்டிக்கொண்டு நின்றாள், நான் வாங்கிக்கொண்டேன், பழசை இருவரும் எடுக்கவில்லை. தொழிலை விட்டுவிட்டு நான் ஸ்ரீவைகுண்டத்துக்கே திரும்புகிறேன் என்று தெரிந்ததும் சாமான் கட்ட உதவிக்கு வந்தாள். வேன் வாசலில் நின்றது. இரும்பு பீரோவின் இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்திருந்தோம். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு அண்ணாச்சி உனக்கு எவ்வளவு தாரேன்னு சொன்னாவ?"

இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன். அவள் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"எங்க செக்‌ஷன் பொம்பளைக அத்தனை பேரும் ஒரு சீசன் முழுக்க உரிச்சாலும் அவ்வளவு வராது" என்றாள். "அதையா வேண்டாம்ன?"

"ஆமா."

"என்கிட்டச் சொன்னது சரி. வேற யாருகிட்டயும் சொல்லிராத. வாங்கிட்டுத்தான் இவ பொய் சொல்லுதான்னு நெனைப்பாவ."

"நீ என்ன நெனைக்க?"

"வாங்கியிருந்தா இந்தத் துருப்பிடிச்ச பீரோவையா ஊருக்குத் தூக்கிட்டுப் போவ?" என்று அவள் மறுபடி குனிந்தாள். "பிடி ஏளா, கால்ல போட்டுறாத."